இரத்தத்தின் காந்தமும் ஏமாற்றுக்காரர் காந்தமும்

(திருப்பத்தூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று இக்கூட்டத்தில் லேசர் ஒளியைப் பற்றியும், மூலக்கூறுகளுக்குள் இருக்கும் காந்தத்தைப் பற்றியும் நாம் பேச வேண்டும் என்று கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். இதைக் கேட்டவுடன் உங்களில் பலர், "இந்த ஆளுக்கும் இந்த விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைத்திருப்பீர்கள். அப்படி நினைப்பதில் தப்பொன்றுமில்லை. நாம் பத்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்ல. மற்றதெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து படித்ததும், தெரிந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டதும்தான். ஆகவே நாம் சொல்வதில் ஏதாவது பிசகு இருந்தால், படித்த தோழர்கள் கூட்ட முடிவில் எழுந்து சொல்லலாம். வெட்கப்படாமல் திருத்திக் கொள்ளுவோம்.

ஆனால் இந்த விஷயத்தை நாம் ஏன் படிக்க நேர்ந்தது என்பதை முதலில் சொல்லி விடுகிறோம். அது நம் வீட்டு விஷயம். சம்பந்தப்பட்டவருடைய சம்மதத்தின் பேரிலேயே இதைச் சொல்லுகிறோம்.

நமது தமக்கையார் ஆலங்காயத்துப் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் குடியிருக்கிறார். சில வருஷங்களுக்கு முன் அவருக்கு மூச்சு வாங்குவதும், தலை சுற்றுவதும், முகம் வெளுத்துப் போவதுமாக இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்து, "உங்களுக்கு இரத்தசோகை" என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். காசு ஒன்றும் வாங்கவில்லை. அவரும் கொஞ்ச நாள் தின்று வந்தார்.

அந்தச் சமயத்தில் காந்தப் படுக்கை விற்கிற ஒரு மனிதர் ஊருக்கு வந்து சேர்ந்தார். கழுத்தில் டை, கையில் மடிக்கணினி, வாயில் விஞ்ஞானம்! "அக்கா! உங்கள் இரத்தத்தில் இரும்பு இருக்கிறதா இல்லையா? இரும்பைக் காந்தம் இழுக்குமா இழுக்காதா? உங்கள் இரத்தத்திலுள்ள இரும்பெல்லாம் கலைந்து கிடக்கிறது. இந்தப் படுக்கையில் படுத்தால் அதெல்லாம் ஒழுங்காக வரிசைப்படும். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று நம் முன்னோர்கள் சும்மாவா சொன்னார்கள்? இதைத்தான் வெளிநாட்டில் குவாண்டம் விஞ்ஞானம் என்கிறார்கள்" என்று அளந்திருக்கிறார். அதோடு நிற்காமல், "மாத்திரையும் காந்தமும் சேர்ந்தால் உடம்பு சூடேறும், மாத்திரையை நிறுத்தி விடுங்கள்" என்றும் சொல்லியிருக்கிறார். படுக்கையின் விலை பதினெட்டாயிரம் ரூபாய். அக்கா தோட்டை அடகு வைத்து வாங்கினார்.

வாங்குவதற்கு முன்னால் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டார்: "தம்பி, இரத்தத்தில் இரும்பு இருக்கிறதென்பது நிஜந்தானே?" என்று. தோழர்களே! நாம் அப்போது என்ன செய்தோம் தெரியுமா? சிரித்தோம். "போக்கா, இதெல்லாம் புரட்டு" என்று சொல்லிவிட்டு, ஒரு கூட்டத்தில் பேசக் கிளம்பிப் போய்விட்டோம். இரத்தத்தில் இரும்பு இருப்பது நிஜம். அது நிஜமாயிருக்கும்போது அவன் சொன்னது ஏன் பொய் என்று விளக்க நமக்கு அன்றைக்குத் தெரியாது. தெரியாததை மறைக்கத்தான் சிரித்தோம். மூன்று மாதம் கழித்து ரேஷன் கடை வரிசையில் அக்கா மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, பெண்களுக்குப் பன்னிரண்டு கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவருக்கு ஐந்துதான் இருந்தது. இரண்டு பை இரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். அந்தப் பைகளின் மேல் இரத்தத்தின் வகை அச்சிட்டிருந்ததே தவிர, கொடுத்தவருடைய சாதியோ மதமோ அச்சிட்டிருக்கவில்லை என்பதையும் கவனித்தோம்.

ஊருக்கெல்லாம் பகுத்தறிவு பேசுகிற நாம், கூடப் பிறந்தவள் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல யோக்கியதை இல்லாதவராக இருந்தோமே என்கிற வெட்கத்தினால்தான் இந்தக் காந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தோம். அன்று சொல்லாத பதிலை இன்று உங்கள் முன்னிலையில் சொல்லுகிறோம்.

முதலில், காந்தம் என்றால் என்ன?

எந்தப் பொருளையும் உடைத்துக் கொண்டே போனால் மூலக்கூறு, அதற்குள் அணு, அணுவுக்குள் எலெக்ட்ரான் என்று போகிறது. இந்த எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். இப்படி அதற்குக் காந்தம் உண்டாகக் காரணமான குணத்துக்கு ஸ்பின் என்று பெயர். தமிழில் தற்சுழற்சி எனலாம். பம்பரம் போல் நிஜமாகவே அது சுற்றுகிறதென்று அர்த்தமல்ல; சுற்றினால் என்ன பலன் இருக்குமோ அந்தப் பலன் பிறவியிலேயே அதற்கு இருக்கிறது, அவ்வளவுதான். இதை 1922இல் ஸ்டெர்ன், கெர்லாக் என்ற இரண்டு ஜெர்மானியர் பரிசோதனையில் கண்டார்கள்; 1925இல் உலன்பெக், கவுட்ஸ்மிட் என்ற இரண்டு டச்சு இளைஞர்கள் அதை எலெக்ட்ரானின் ஸ்பின் என்று விளக்கினார்கள்.

இந்த ஸ்பின்னுக்கு இரண்டே நிலைதான். மேல்நோக்கி என்று ஒன்று, கீழ்நோக்கி என்று ஒன்று. பெரும்பாலான பொருள்களில் எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருப்பதால் ஒன்றின் காந்தத்தை மற்றொன்று அழித்து விடுகிறது. ஜோடியில்லாத ஒற்றை எலெக்ட்ரான் எங்கே இருக்கிறதோ அங்கேதான் காந்தம் தலை காட்டும். இரும்புத் துண்டில் கோடிக்கணக்கான அணுக்களின் ஒற்றை எலெக்ட்ரான்கள் ஒன்றோடொன்று கட்டுண்டு ஒரே திசை பார்த்து நிற்கின்றன. அதனால்தான் இரும்புத் துண்டைக் காந்தம் பலமாக இழுக்கிறது.

நம் இரத்தத்திலுள்ள இரும்பு அப்படிப்பட்டதா? இல்லை. நம் உடம்பில் மொத்தம் மூன்று நான்கு கிராம் இரும்புதான் இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஹீமோகுளோபின் என்னும் பெரிய மூலக்கூறுக்குள் இருக்கிறது. ஒரு ஹீமோகுளோபினுக்குள் நான்கே நான்கு இரும்பு அணுக்கள், ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் அடைக்கப்பட்டிருக்கின்றன. ஆணியிலிருக்கும் இரும்பும் அதுவும் ஒன்றென்று சொல்வது, தண்ணீருக்குள் ஹைட்ரஜன் இருக்கிறது, ஹைட்ரஜன் தீப்பற்றி எரியும், ஆகவே தண்ணீரும் தீப்பற்றி எரியும் என்று சொல்வதற்குச் சமம்.

இது நம் சொந்த யூகமல்ல. 1845இலேயே இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே என்ற மகா நிபுணர் உலர்ந்த இரத்தத்தைக் காந்தத்தருகில் வைத்துச் சோதித்தார். இரும்பு இருந்தும் அது இழுபடவில்லை. பாரடேயும் நம்மைப் போலப் பள்ளிக்கூடம் அதிகம் காணாதவர். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர் என்பதையும் இங்கு ஞாபகப்படுத்துகிறோம். 1936இல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியல் என்ற இருவர் இன்னும் நுட்பமாக அளந்தார்கள். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட ஹீமோகுளோபினில் ஒற்றை எலெக்ட்ரானே இல்லை. அதைக் காந்தம் இழுப்பதற்குப் பதிலாக மிக மிக இலேசாகத் தள்ளுகிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினிலோ ஒவ்வொரு இரும்பு அணுவிலும் நான்கு எலெக்ட்ரான்கள் ஜோடியின்றி நிற்கின்றன. அப்போது அந்த இரும்புக்குக் காந்தக் குணம் வருகிறது. அதாவது, நாம் ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் நம் உடம்புக்குள் கணக்கற்ற மூலக்கூறுகள் காந்தமாவதும் காந்தமற்றுப் போவதுமாக இருக்கின்றன. இது எந்த மந்திரத்தாலும் நடப்பதல்ல. ஆக்சிஜன் வந்து உட்காருவதாலும் எழுந்து போவதாலும் நடப்பது.

சரி, அந்த நேரத்திலாவது பூமியின் காந்தம் அதைப் பிடித்து இழுக்காதா என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். நம் திருப்பத்தூரில் பூமியின் காந்த பலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. என்று ஒரு யந்திரத்துக்குள் நோயாளியைப் படுக்க வைக்கிறார்களே, அதில் சாதாரணமாக இருப்பது 1.5 டெஸ்லா. அதாவது பூமியின் காந்தத்தைப்போல் 37,000 மடங்குக்குமேல். அதற்குள் அரை மணி நேரம் படுத்து எழுந்து வருகிறவர்களின் இரத்தம் தலைக்கு ஏறி விடுகிறதா? இரும்பெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி விடுகிறதா? அந்த யந்திரத்தை வாஸ்து பார்த்துத் தெற்கு வடக்காகத்தான் வைக்க வேண்டுமென்று விதி இருக்கிறதா? 37,000 மடங்கு காந்தம் செய்யாததைப் பூமியின் காந்தம் செய்யுமென்றால், வெள்ளம் அடித்துப் போகாத பாறையை வேர்வைத்துளி அடித்துப் போயிற்று என்பதற்கு அது சமமல்லவா? இன்னொன்றும் கவனியுங்கள். காந்தம் ஒரு பொருளைத் தன் பக்கம் இழுக்க வேண்டுமானால் ஓரிடத்தில் பலமாயும் பக்கத்தில் குறைவாயும் இருக்க வேண்டும். பூமியின் காந்தமோ நம் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரே அளவுதான். எந்தப் பக்கம் இழுக்கும்?

தலை வடக்கே வைக்கக் கூடாதென்று சொன்ன அந்தக் காலத்தவருக்கு இரத்தத்தில் இரும்பு இருப்பதும் தெரியாது, பூமி ஒரு காந்தம் என்பதும் தெரியாது. அவர்கள் சொன்ன காரணம் எமனும் பிணமும். அந்தக் காரணம் இப்போது செல்லுபடியாகவில்லை என்று தெரிந்ததும், விஞ்ஞானத்தின் சட்டையைக் கடன் வாங்கி அதே பொம்மைக்கு மாட்டி விடுகிறார்கள்.

இனி ஒளியின் விஷயத்துக்கு வருவோம். உண்மையாகவே காந்த மூலக்கூறுகளை ஒருவர் ஆட்டிப் படைக்க வேண்டுமானால் என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்பதைத் தெரிந்து கொண்டால்தான் படுக்கைக்காரனுடைய பித்தலாட்டத்தின் அளவு உங்களுக்கு விளங்கும்.

நம் ஜவ்வாது மலைமேல் காவலூரில் ஒரு வானாராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கி, 1986இல் 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியை நிறுவியது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டென்று 1977 மார்ச் 10ஆம் தேதி கண்டுபிடித்தவர்களில் காவலூர்க்காரர்களும் சேர்த்தி. அங்கே என்ன செய்கிறார்கள்? ஒளியைப் பிடித்துப் படிக்கிறார்கள். நட்சத்திரத்தில் என்ன பொருள் இருக்கிறது, எவ்வளவு சூடு என்பதை அதன் ஒளியே சொல்லி விடுகிறது. காந்தம் இருக்கும் இடத்திலிருந்து வரும் ஒளியின் கோடுகள் பிளவுபடும் என்று 1896இல் ஜேமான் என்ற டச்சுக்காரர் கண்டார்; அதைக் கொண்டு 1908இல் ஹேல் என்ற அமெரிக்கர் சூரியனிலுள்ள கரும்புள்ளிகளில் காந்தம் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆக, ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்பது ஸ்தாபிக்கப்பட்ட விஷயம்.

இந்த உறவை ஆராய்ந்தவர்களில் நம் நாட்டாரும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், மூலக்கூறின்மேல் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் மாறுவதை 1928இல் கண்டு, 1930இல் நோபல் பரிசு பெற்றார். அவரும் பகவந்தமும் சேர்ந்து 1931இல் ஒளித்துகளுக்கும் ஸ்பின் உண்டென்பதற்குப் பரிசோதனை ஆதாரம் வெளியிட்டார்கள். ராமனோடு உழைத்தவரும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்தவருமான கே.எஸ். கிருஷ்ணன், டாக்காவில் இருந்த காலத்தில் சின்னஞ்சிறு படிகங்களை மெல்லிய இழையில் கட்டிக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, அவை எந்தத் திசையில் எவ்வளவு காந்தம் காட்டுகின்றன என்று அளந்தார். ஒரு மூலக்கூறின் காந்தம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இராது, அதற்கென்று ஒரு பிடிவாதமான திசை உண்டு என்கிற விஷயத்தில் அவர் செய்த வேலையை உலகம் ஒப்புக் கொண்டது.

இந்தப் பிடிவாதத் திசைதான் இன்றைய ஆராய்ச்சியின் உயிர்நாடி. 1980இல் போலந்து நாட்டில் லிஸ் என்பவர் பன்னிரண்டு மாங்கனீஸ் அணுக்கள் சேர்ந்த ஒரு மூலக்கூறைச் செய்தார். 1993இல் இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்து ரொபெர்த்தா செசோலி என்ற அம்மையாரும் கத்தேஸ்கியும் மற்றவர்களும், அந்த ஒரே மூலக்கூறு ஒரு முழுக் காந்தம் போல் தன் திசையை நினைவில் வைத்துக் கொள்ளுகிறது என்று கண்டார்கள். அந்தப் பன்னிரண்டில் எட்டு அணுக்கள் ஒரு பக்கம், ஒவ்வொன்றுக்கும் ஸ்பின் 2, மொத்தம் 16. நான்கு அணுக்கள் எதிர்ப்பக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை, மொத்தம் 6. கழித்தால் 10. மூலக்கூறின் ஸ்பின் 10. மளிகைக்கடைக் கணக்குத்தான்! மேல் என்றால் 1, கீழ் என்றால் 0 என்று வைத்துக் கொண்டால், ஒரு மூலக்கூறில் ஓர் எழுத்தின் கூறு எழுதி வைக்கலாம். இப்போதைய கணினித் தட்டுகளில் அதற்கு ஆயிரக்கணக்கான அணுக்கள் தேவைப்படுகின்றன.

ஆனால் அதில் ஒரு கஷ்டம். அந்த மாங்கனீஸ் மூலக்கூறு தன் திசையை மறக்காமல் இருக்க வேண்டுமானால் சூனியத்துக்குக் கீழே 270 டிகிரிக்கு அருகில் குளிர வைக்க வேண்டும். அந்தக் குளிரில்தான் மாதக்கணக்கில் நினைவு நிற்கும். சற்றுச் சூடேறினால் மறந்துபோகும். டிஸ்புரோசியம் என்ற உலோகத்தைக் கொண்டு செய்த மூலக்கூறுகளில் 2018இல் திரவ நைட்ரஜனின் குளிருக்குச் சற்று மேலும், 2025இல் சூனியத்துக்குக் கீழே 173 டிகிரி வரையிலும் நினைவை நிறுத்தியிருக்கிறார்கள். முப்பது வருஷ உழைப்பு இது. நம்மூர்ப் படுக்கைக்காரரோ, வைகாசி மாதத்து வேலூர் வெயிலில் மூலக்கூறுகளை வரிசையில் நிறுத்துகிறேன் என்கிறார்!

எழுதி வைப்பது இருக்கட்டும், எழுதியதை எவ்வளவு சீக்கிரம் மாற்றலாம்? இங்கேதான் லேசர் வருகிறது. கண் சிமிட்டுவதைக் காட்டிலும் வேகமாக விட்டு விட்டு அடிக்கும் ஒளி இது. அந்த வேகத்துக்குப் பெம்டோ நொடி என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு நொடிக்கு முன் பெம்டோ நொடி எவ்வளவு சின்னதென்றால், மூன்று கோடியே பதினேழு லட்சம் வருஷத்துக்கு முன் ஒரு நொடி எவ்வளவு சின்னதோ அவ்வளவு. இப்படிப்பட்ட துடிப்புகளைக் கொண்டு மூலக்கூறுகளின் ஆட்டத்தைப் படம் பிடித்ததற்காக எகிப்தில் பிறந்த அகமது ஜிவைல் 1999இல் நோபல் பரிசு பெற்றார். அவற்றைப் பலமாக ஆக்கும் வழியை 1985இல் கண்ட ஜெரார்ட் மூரூவும், அவரிடம் மாணவியாயிருந்த டோனா ஸ்ட்ரிக்லாண்ட் அம்மையாரும் 2018இல் பெற்றார்கள்.

1996இல் பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஒரு குழுவினர் நிக்கல் தகட்டின்மேல் 60 பெம்டோ நொடி லேசர்த் துடிப்பை அடித்தார்கள். ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் தகட்டின் காந்தம் பெரிதும் குறைந்து போயிற்று. அவ்வளவு சீக்கிரம் அது நடக்குமென்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2007இல் ஹாலந்து நாட்டு நைமேகன் நகரத்தில், திருகாணி போல் வலப்பக்கம் சுழலும் ஒளியை அடித்தால் காந்தம் ஒரு திசையிலும், இடப்பக்கம் சுழலும் ஒளியை அடித்தால் மறு திசையிலும் திரும்புவதைக் காட்டினார்கள். ஒளியின் சுழற்சியே காரணம் என்று அப்போது நினைத்தார்கள். 2012இல், அந்தப் பொருளில் திடீர் வெப்பம் மட்டுமே காந்தத்தைத் திருப்பப் போதும் என்று ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அதை வெளியிட்டவர்களில் முதல் ஆராய்ச்சியைச் செய்தவர்களும் இருந்தார்கள்! தோழர்களே, இதை மட்டும் தயவு செய்து ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். தாங்கள் சொன்னதைத் தாங்களே சோதித்து, வேறுவிதம் என்று தெரிந்தால் வெளிப்படையாக அச்சிடுவதுதான் விஞ்ஞானத்தின் நாணயம். எந்தச் சாஸ்திரமாவது, எந்தப் படுக்கை வியாபாரியாவது அப்படி அச்சிட்டதுண்டா?

இதெல்லாம் உலோகத்தகட்டில் நடந்தது. மூலக்கூறில்? 1984இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில், குளிர வைத்த ஓர் இரும்பு உப்பின்மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சியபோது, காந்தமற்றிருந்த இரும்பணுக்கள் காந்தமுள்ளவையாக மாறி அப்படியே நின்றன. உப்பின் நிறமும் போயிற்று. பிறகு வேறு நிற ஒளியால் பழைய நிலைக்கும் திருப்பினார்கள். 2009இல் இப்படிப்பட்ட இன்னொரு இரும்பு மூலக்கூறில், ஒளி பட்ட 150 பெம்டோ நொடிக்குள் இரும்பின் ஸ்பின் மாறுவதை எக்ஸ் கதிர் கொண்டு அளந்தார்கள். ஸ்பின் மாறும்போது இரும்பைச் சுற்றியுள்ள அணுக்கள் சற்று விலகி இடம் விடுகின்றன. 2020இல் எடின்பரோ, நியூகாசில் பல்கலைக்கழகத்தார் மாங்கனீஸ் மூலக்கூறு காந்தத்தையே எடுத்து லேசர்த் துடிப்பால் அடித்துப் பார்த்தார்கள். மாங்கனீசுக்குள் ஓர் எலெக்ட்ரான் இடம் மாறியது. அதனால் சுற்றியுள்ள அணுக்கள் தாளம் போட்டாற்போல் ஒரே சீராக ஆடின. அந்த ஆட்டம், நாம் முன்பு சொன்ன பிடிவாதத் திசையையே அசைக்கக் கூடிய ஆட்டம். அதாவது மூலக்கூறின் காந்தத்தை ஒளியால் ஆளலாம் என்பதற்கு ஒரு கைப்பிடி கிடைத்திருக்கிறது. கைப்பிடிதான் கிடைத்திருக்கிறது, கதவு முழுக்கத் திறந்து விட்டதென்று அவர்களே சொல்லவில்லை.

நம் ஹீமோகுளோபினும் இந்த ஆராய்ச்சிக்குத் தப்பவில்லை. கரிப்புகை வாயுவைப் பிடித்துக் கொண்ட ஹீமோகுளோபின்மேல் லேசர் துடிப்பு பட்டால், சில நூறு பெம்டோ நொடிக்குள் வாயு கழன்று, இரும்பு காந்தமற்ற நிலையிலிருந்து காந்தநிலைக்கு மாறுகிறது. 1990இல் ஜப்பானில் பிறந்த செய்ஜி ஒகாவா, ஆக்சிஜன் ஏறிய இரத்தத்துக்கும் இறங்கிய இரத்தத்துக்கும் உள்ள இந்தக் காந்த வித்தியாசத்தைக் கொண்டே மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறதென்று எம்.ஆர்.ஐ. யந்திரத்தில் பார்க்க வழி கண்டார். மூளை நோயாளிகளுக்கு அது இன்று உதவுகிறது. இரத்தத்தின் காந்தத்தை யோக்கியமாக உபயோகிப்பது என்றால் இதுதான்.

இப்போது அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்கு யோக்கியதை வந்திருக்கிறது. "ஆமாம் அக்கா, இரத்தத்தில் இரும்பு இருக்கிறது. அதற்குக் காந்தக் குணமும் சமயத்தில் வருகிறது. அவன் சொன்ன ஆரம்பம் நிஜம். ஆனால் அந்தக் காந்தத்தைத் தொட வேண்டுமானால் தனியாகச் செய்த லேசரும், பனிக்கட்டியைவிடப் பன்மடங்கு குளிரும், வருஷக்கணக்கான உழைப்பும் வேண்டும். துணிக்குள் தைத்த காந்த வில்லைகளால் அது ஆகாது. ஆனாலும்கூட, உனக்கிருக்கும் வியாதி இரும்பு வரிசை கலைந்ததல்ல, இரும்பு போதாதது. இல்லாத இரும்பை எந்தக் காந்தம் வரிசைப்படுத்தும்?" இவ்வளவுதான் பதில். இதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் தோடும் போயிருக்காது, உயிருக்கும் ஆபத்து வந்திருக்காது.

தாய்மார்களே! இது ஒரு வீட்டுக் கதையல்ல. 2019-21இல் சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் இந்தியாவில் நூற்றுக்கு 57 பேருக்கும், நம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கும் இரத்தசோகை இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் அம்மாக்கள் இருக்கும் பக்கத்தை எண்ணிப் பார்த்தால் பாதிப் பேர். ஆண்பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு மிஞ்சினதைத் தின்பது பெண்ணுக்கு அழகு என்று சொல்லி வைத்தார்களே, அந்தத் தர்மத்துக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது மார்தட்டிச் சொல்ல முடியுமா? கொக்கிப்புழுவும், மாதவிலக்கில் போகிற இரத்தமும், அடுத்தடுத்துப் பிள்ளை பெறுவதும் சேர்ந்து உடம்பிலுள்ள இரும்பைக் கரைக்கின்றன. பரிகாரமோ சுலபம். வைத்தியரைக் கேட்டு இரும்பு மாத்திரை சாப்பிடுங்கள். மாத்திரையோடு தேநீர் குடிக்காதீர்கள். அது இரும்பு சேருவதைத் தடுக்கும். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ சேர்த்துக் கொண்டால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போனால் பயந்து நிறுத்தி விடாதீர்கள். அது மாத்திரையின் குணம். முருங்கைக்கீரையும், கேழ்வரகும், பருப்பும், கிடைத்தவர்களுக்கு ஈரலும் மீனும் நல்லது. வீட்டில் பெண் கடைசியில் சாப்பிடுகிற வழக்கத்தை இன்றிரவே நிறுத்துங்கள். அதற்கு வைத்தியர் சீட்டு வேண்டியதில்லை.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. புரட்டைப் புரட்டு என்று சொல்வது மட்டும் நம் வேலையல்ல. ஏன் புரட்டு என்று கேட்கிறவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். தெரியாவிட்டால், "தெரியவில்லை, படித்துவிட்டு வந்து சொல்லுகிறேன்" என்று சொல்ல வேண்டும். கேலி செய்துவிட்டுப் போகிற பகுத்தறிவுக்காரனைவிட, பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுகிற புரட்டுக்காரனைத்தான் ஜனங்கள் நம்புவார்கள். அந்தத் தப்பை நாம் செய்தோம். நீங்கள் செய்ய வேண்டாம்.

விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காவலூர் மலைக்குப் போய், அங்கிருப்பவர்கள் அனுமதிக்கும் நேரத்தில் அந்தத் தொலைநோக்கியைக் காட்டுங்கள். கோயில் குளமென்று எத்தனையோ மலை ஏறுகிறோம். மனிதன் தன் அறிவால் ஒளியைப் படிக்கக் கற்றதற்கு அடையாளமாக ஒரு மலை நம் ஜில்லாவிலேயே இருக்கிறது.

கடைசியாக, நமது தமக்கையார் இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இப்போது அவருக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டரை. வருகிறபோது அந்தக் காந்தப் படுக்கையை என்ன செய்தாய் என்று கேட்டோம். மாட்டுக் கொட்டகையில் கன்றுக்குட்டிக்கு விரித்துப் போட்டிருப்பதாகச் சொன்னார். கன்றுக்குட்டி எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறதென்று கேட்டதற்கு, அதற்கு எந்தப் பக்கம் காற்று வருகிறதோ அந்தப் பக்கம் என்றார்.

ஆகவே தோழர்களே, நாம் இதுவரை சொன்னதைக்கூட நாம் சொன்னோம் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசியுங்கள், படித்தவர்களைக் கேளுங்கள், சரியென்று பட்டால் அடுத்த வீட்டு அம்மாவுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.